முள்ளை எங்கே மாட்டுவது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் நியூசிலாந்தின் தெற்குத் தீவில் குளிர்கால வரையாடு வேட்டை பற்றி எழுதியபோது, ‘கிராம்பான் இல்லாமல் பனிக்கோட்டுக்கு மேலே போகாதீர்கள்’ என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கேட்டவைதான். நியாயம்தான், அதை அப்படி ஒரு வரியில் சொல்லியிருக்கக் கூடாது. இந்த முறை முழுக்க அந்தக் கிராம்பானுக்கே, அதாவது பனியில் வழுக்காமலிருக்க பூட்ஸுக்கு அடியில் மாட்டும் முள் சட்டத்துக்கே.

அண்ணா, போன வருடம் உத்தராகண்டில் கேதார்காந்தா ஏறினேன். அங்கே கிராம்பான் வாடகைக்கு வாங்கி மாட்டிக்கொண்டு உச்சி வரை போய்வந்தேன். நியூசிலாந்திலும் அதே போதுமா? – வாசகர், சென்னை

தம்பி, நீங்கள் மாட்டியது ரப்பர் வளையமும் சங்கிலியும் சின்னச் சின்ன முட்களும் உள்ளதுதானே? இழுத்து ஷூ மேல் மாட்டினால் அப்படியே கவ்விக்கொள்ளுமே, அது. அதன் பெயர் மைக்ரோஸ்பைக். நம் ஊர் மலையேற்ற முகாம்களில் அதையே கிராம்பான் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள், அதனால் இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கிறது. பலர் நடந்து மிதித்து இறுகிப்போன பாதைக்கு அது நல்ல பொருள். கேதார்காந்தா மாதிரி மலைக்குச் சரி.

கிராம்பான் வேறு. பூட்ஸின் முழு அடிக்கும் எஃகுச் சட்டம், அதில் 10 அல்லது 12 முள், ஒவ்வொன்றும் ஒரு அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கும், அதில் இரண்டு முன்பக்கம் பெருவிரலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வரையாடு நிற்கிற இடத்தில் பாதை கிடையாது. சரிவில் குறுக்காக நடக்கும்போது உங்கள் எடை முழுவதும் பாதத்தின் ஒரு பக்கமாகத் தள்ளும், அப்போது ரப்பர் வளையம் வழுவி, முள் பாதத்துக்கு அடியில் இல்லாமல் பக்கவாட்டுக்குப் போய்விடும். சமதரையில் இது நடந்தால் நின்று இழுத்து விட்டுக்கொள்ளலாம். 35 பாகைச் சரிவில் நடந்தால் இழுத்துவிட நேரம் இருக்காது. முகாமிலிருந்து ஆற்றங்கரை வரை நடக்க மைக்ரோஸ்பைக்கை எடுத்துப் போங்கள், மேலே ஏற அதை நம்ப வேண்டாம்.

வரையாடு நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கு. அதைச் சுடுவதற்கு வழி சொல்லிக்கொடுப்பது உங்களுக்கு உறுத்தவில்லையா? – வாசகி, கோயம்புத்தூர்

இந்தக் கேள்வியைத் தவிர்க்க மாட்டேன். நம்முடையது நீலகிரி வரையாடு, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது. இந்தியாவில் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-இலிருந்து இருக்கிறது, அதைத் தொடவே கூடாது, தொட நினைப்பவனுக்கு நான் எதுவும் சொல்லித்தர மாட்டேன். இங்கே இருப்பது இமாலய வரையாடு, உள்ளூரில் ‘தார்’ என்பார்கள். 1904-இல் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து மவுண்ட் குக் பக்கம் விட்டார்கள். நியூசிலாந்து மலைகளில் அதைத் தின்ன ஒரு மிருகம் கிடையாது, அங்கே முளைக்கிற டஸ்ஸக் புல்லும் மலைப்பூச்செடிகளும் மேயும் மிருகங்களே இல்லாத காலத்தில் வளர்ந்து பழகியவை, அதனால் மந்தை பெருகினால் சரிவே மொட்டையாகிவிடும். 1993-இல் அரசு போட்ட திட்டத்தில் மொத்தம் 10,000-க்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பு வைத்தார்கள், அரசே ஹெலிகாப்டரில் ஆள் அனுப்பியும் சுடுகிறது. சமையலுக்கு இறைச்சி கொண்டுவருகிற வேட்டைக்காரர் அந்த வேலையில் ஒரு பங்கைச் செய்கிறார் என்றுதான் நினைக்கிறேன். இமயமலையில் அதே விலங்கு குறைந்துகொண்டு வருவது எனக்கும் வருத்தம்தான்.

என்னிடம் நல்ல தோல் வேட்டை பூட்ஸ் இருக்கிறது, இரண்டு சீசன் போட்டுப் பழகியது. அதற்கு எந்தக் கிராம்பான் பொருந்தும்? கடையில் தானாகப் பூட்டிக்கொள்வதுதான் நல்லது என்கிறார்கள். – வாசகர், ஆக்லாந்து

முதலில் பூட்ஸைப் பாருங்கள், கிராம்பானை அப்புறம் பார்க்கலாம். இரண்டு கையாலும் முனையையும் குதியையும் பிடித்து வளையுங்கள். ஓட்டப்பந்தய ஷூ மாதிரி சுலபமாக வளைந்தால் அந்தப் பூட்ஸுக்கு எந்தக் கிராம்பானும் வேண்டாம், பூட்ஸை மாற்றுங்கள். எஃகுச் சட்டம் வளையாமல் பூட்ஸ் மட்டும் வளைந்துகொண்டே இருந்தால் ஒன்று கிராம்பான் கழன்றுவிடும், இல்லையென்றால் நடுவில் இருக்கிற இணைப்புப் பட்டை நாளடைவில் முறியும். கொஞ்சம் வளைகிறது, ஆனால் முரண்டு பிடிக்கிறது என்றால் முன்னும் பின்னும் பிளாஸ்டிக் கூடையும் நீள வாரும் உள்ள வகை போதும். குதியில் தடித்த விளிம்பு இருந்தால் பின்னால் நெம்புகோல் வைத்த வகை. தானாகப் பூட்டிக்கொள்வதற்கு முன்னும் பின்னும் விளிம்பும், மரக்கட்டை மாதிரி வளையாத அடியும் வேண்டும், அது பனிமலை ஏறுபவர்களின் பூட்ஸ். உங்கள் தோல் பூட்ஸில் அதைப் பூட்டினால் வாசலில் பொருந்தியது மாதிரி தெரியும், மலையில் பத்தாவது எட்டில் தெறிக்கும்.

பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு பழைய சோதனை உண்டு. அளவைச் சரிசெய்து பூட்ஸை உள்ளே அழுத்தி வையுங்கள், வாரைக் கட்டாதீர்கள், பூட்ஸை மட்டும் தூக்கி லேசாகக் குலுக்குங்கள். கிராம்பான் கூடவே தொங்க வேண்டும். விழுந்தால் அளவு தப்பு. முன்முள் இரண்டும் பூட்ஸ் நுனிக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குத் தெரிந்தால் சரி.

அலுமினியமா எஃகா என்று கேட்காமல் விட்டீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். எஃகு. அலுமினியம் பாதி எடைதான் இருக்கும், ஆனால் வேட்டைக்காரன் பனியில் மட்டும் நடப்பதில்லை. பனி, பாறை, சரளை, உறைந்த புல், மறுபடி பனி என்று மாறிமாறி வரும், ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்ட முடியாது. அலுமினிய முள் பாறையில் நாலு நாளில் மழுங்கிவிடும்.

கிராம்பானை எப்படித் தூக்கிப் போவது? முதுகுப்பைக்கு உள்ளேயா வெளியேயா? – வாசகர், வெலிங்டன்

ஒரு ஜோடியின் முட்களை ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி மடக்கி, தடித்த துணிப் பையில் போட்டு, பையின் தலைமூடிக்குக் கீழே உச்சியில் வையுங்கள். இரண்டு காரணம். ஒன்று, உள்ளே அடியில் வைத்தால் அது தூக்கப்பையையும் காற்றுப்பாயையும் கிழிக்கும். ஓட்டை விழுந்த காற்றுப்பாயில், இங்கே குளிர்காலமான ஜூன் மாதப் பனியில் படுத்துப் பாருங்கள், விடியும்வரை நிலத்தின் குளிர் முதுகெலும்பில் ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, அடியில் இருக்கிற பொருளை யாரும் நேரத்துக்கு எடுப்பதில்லை. ‘இன்னும் கொஞ்ச தூரம்தானே, அங்கே போய் மாட்டிக்கொள்ளலாம்’ என்று கால் போய்க்கொண்டே இருக்கும்.

வெளியே தொங்கவிடுபவர்களும் இருக்கிறார்கள். புதருக்குள் நுழைகையில் கிளையில் மாட்டி இழுக்கும், பின்னால் வருபவர் முகத்துக்கு நேரே முள் ஆடும், துப்பாக்கியைப் பையில் கட்டியிருந்தால் குறிபார்க்கும் ஸ்கோப்பில் உரசும். வெளியேதான் கட்ட வேண்டும் என்றால் பையோடு, முதுகின் நடுவில், ஆடாமல் இறுக்கிக் கட்டுங்கள். ரப்பர் முள்ளுறை நல்ல பொருள்தான், ஆனால் மாட்டி எடுக்கும்போது எப்படியும் ஒன்று தொலையும், எனக்குத் துணிப்பைதான் பிடிக்கும்.

எந்த இடத்தில் மாட்ட வேண்டும் என்று எப்படித் தெரியும்? முதல் சீசன் எனக்கு. – வாசகர், கிறைஸ்ட்சர்ச்

இத்தனை கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கிராம்பான் தொடர்பான விபத்துகளில் நான் கண்ணால் பார்த்ததும் கேட்டதும் பெரும்பாலும் மாட்டாமல் போனதாலோ, மாட்டக் கூடாத இடத்தில் மாட்ட முயன்றதாலோ வந்தவை.

தேவைப்படுவதற்கு முன்னால் மாட்டுங்கள். இதைக் கேட்டால் வெற்று வார்த்தை மாதிரி இருக்கும், அதனால் நடந்ததையே சொல்கிறேன். மூன்றாவது சீசனில் ஒரு ஓடைப்பள்ளத்தின் பக்கச் சரிவில் ஏறிக்கொண்டிருந்தேன். பனி மென்மையாக இருந்தது, ஒவ்வொரு உதைக்கும் பூட்ஸ் பாதி புதைந்து நல்ல படி கிடைத்தது. ஒரு பாறைத் தோளைச் சுற்றித் திரும்பினேன், நிழல். நாலு எட்டு வைத்தபிறகு ஐந்தாவது உதையில் பூட்ஸ் நுனி தட்டியது, கதவைத் தட்டுவது மாதிரி சத்தம் வந்தது, உள்ளே இறங்கவில்லை. வெயிலே படாத ஐஸ் தகடு. கிராம்பான் முதுகில் இருந்தது. அங்கே நின்று பையைக் கழற்ற முடியாது, கழற்றினால் பை போய்விடும், ஒற்றைக் காலில் நின்று மாட்ட முடியாது, உடம்பைத் திருப்பவும் தைரியம் வரவில்லை. கையிலிருந்த ஐஸ் கோடரியால், பனியில் குத்திப் பிடிக்கிற மலையேற்றக் கோடரி அது, ஒவ்வொரு படியாக வெட்டிப் பின்னோக்கி நாலு எட்டு இறங்கினேன். அந்த நாலு எட்டுக்கு அரை மணி நேரம் ஆனது. கீழே முப்பது மீட்டரில் பாறை.

அன்றிலிருந்து என் கணக்கு இதுதான்: உதைத்தால் பூட்ஸ் பாதிகூட உள்ளே இறங்காத இடம் வந்தால், அடுத்த தட்டையான இடத்தில் உட்கார்ந்து மாட்டிவிடுவேன். நிழலுக்குள் நுழைவதற்கு முன்னால் மாட்டுவேன். கீழே விழுந்தால் எங்கே போய் நிற்பேன் என்று பார்த்து, அந்த இடம் பிடிக்கவில்லை என்றாலும் மாட்டுவேன்.

நிழல் என்றதும் நம்மவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இமயமலையில் நடந்து பழகியவர்களுக்கு வடக்குப் பார்த்த சரிவு நிழல், தெற்குப் பார்த்தது வெயில் என்று மனதில் பதிந்திருக்கும். இங்கே பூமியின் அடுத்த பாதி. சூரியன் வடக்கில் போகிறது. தெற்குப் பார்த்த சரிவுகள்தான் குளிர்காலம் முழுக்க இறுகிக் கிடக்கும். வரைபடத்தைப் பார்க்கும்போதே இதைத் திருப்பிப் போட்டுப் பழகுங்கள்.

இன்னொன்று காற்று. வடமேற்குக் காற்று வெதுவெதுப்பாக அடித்து, மழையும் கொண்டுவந்து பனியின் மேல்பகுதியை நனைக்கும். அப்புறம் தெற்கிலிருந்து குளிர் திரும்பும், ஒரே இரவில் அந்த ஈரம் கண்ணாடியாகும். அப்படித் திரும்பிய மறுநாள் காலை வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருக்கும், வேட்டைக்கு இதைவிட நல்ல நாள் இல்லை என்று தோன்றும். புல் சரிவுகூட அன்று நம்பத்தகாது. பனியே இல்லாமல் டஸ்ஸக் புல் உறைந்து கிடந்தாலும் நான் கிராம்பானோடுதான் குறுக்கே போவேன்.

மாட்டும் விதமும் சொல்லிவிடுகிறேன். காலால் மிதித்து ஒரு திண்ணை மாதிரி செய்துகொள்ளுங்கள், கோடரியைத் தலைவரை குத்தி அதில் பையின் வாரை மாட்டுங்கள். பூட்ஸ் அடியில் ஒட்டிய பனியைத் துடைத்த பிறகே கிராம்பானுக்குள் வையுங்கள். பக்கிள் எப்போதும் காலின் வெளிப்பக்கம் வரட்டும், உள்பக்கம் இருந்தால் அடுத்த கால் அதில் மாட்டும். வாரின் மிச்ச நுனியைச் செருகிவிடுங்கள். பத்து நிமிடம் நடந்தபிறகு ஒருமுறை நின்று மறுபடி இறுக்குங்கள், கட்டாயம் தளர்ந்திருக்கும். இதையெல்லாம் வீட்டு முற்றத்தில், கையுறை போட்டுக்கொண்டு, இருட்டில், இருபது முறை செய்து பாருங்கள். ஜூனில் எட்டு மணிக்குத்தான் விடிகிறது, ஐந்துக்கு இருட்டிவிடுகிறது, இருட்டில் செய்ய வேண்டி வரும்.

நடையில் இரண்டே மாற்றம். கால்களைக் கொஞ்சம் அகட்டி வையுங்கள், இல்லையென்றால் ஒரு காலின் முள் மறுகாலின் கெய்ட்டரில் (பூட்ஸுக்கு மேல் கெண்டைக்காலைச் சுற்றி மாட்டும் பனியுறை) மாட்டி நீங்களே உங்களைத் தள்ளிவிடுவீர்கள். அகலக் கால்சட்டை வேண்டாம். பாதத்தைச் சரிவின் மேல் தட்டையாக வைத்து எல்லா முள்ளும் பதிய நடங்கள். பூட்ஸில் நடக்கும்போது விளிம்பைக் குத்தி நடந்த பழக்கம் வரும், அதை மறக்க வேண்டும், விளிம்பைக் குத்தினால் பாதி முள் காற்றில் இருக்கும்.

துப்பாக்கியையும் ஐஸ் கோடரியையும் சேர்த்து எப்படிச் சமாளிக்கிறீர்கள்? எனக்குத் தோளில் மாட்டிக்கொண்டே போய்ப் பழக்கம். – வாசகர், ஹாமில்டன்

கிராம்பான் காலில் ஏறியதும் துப்பாக்கி முதுகுக்குப் போக வேண்டும். தோள்வாரில் தொங்கினால், கோடரியைக் குத்தக் குனிகிற ஒவ்வொரு முறையும் அது நழுவி முழங்கைக்கு வரும், அதைப் பிடிக்கக் கை போகும், கோடரிக் கை தடுமாறும். சறுக்கினால் ஒரு கையால் கோடரித் தலையையும் மறுகையால் காம்பையும் பிடித்து, மார்போடு அழுத்தி உடம்பு எடையால் பனியில் குத்த வேண்டும், அதற்கு இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். கிராம்பான் போட்ட காலை அந்த நேரத்தில் பனியில் ஊன்றக் கூடாது, முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தூக்கி வைத்திருக்க வேண்டும். வேகத்தில் முள் பதிந்தால் உடம்பு தலைகுப்புறப் புரளும், கணுக்கால் முறியும். இதே காரணத்தால்தான் கிராம்பானோடு ஒருபோதும் உட்கார்ந்து சறுக்கி இறங்காதீர்கள். எவ்வளவு களைத்திருந்தாலும், எவ்வளவு சின்ன சரிவாக இருந்தாலும் வேண்டாம்.

துப்பாக்கி பையின் பக்கவாட்டில், குழல் மேல்நோக்கி, இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டியிருக்கட்டும். சேம்பர், அதாவது தோட்டா அறை, காலி. இந்த நாட்டின் துப்பாக்கிப் பாதுகாப்பு விதிகள் ஏழில் மூன்றாவது, சுடத் தயாராகும்போது மட்டுமே தோட்டாவை ஏற்று என்பது. சமதரையில் அதை மீறுபவனுக்கு அதிர்ஷ்டம் துணைபோகலாம். சறுக்குகிற சரிவில் மீறினால் கீழே நிற்கிற நண்பனை நோக்கிக் குழலும் சேர்ந்து உருளும். குழல் வாயில் ஒரு துண்டு மின்சார டேப் ஒட்டுங்கள். பனி அடைத்த குழலில் சுட்டால் குழல் வெடிக்கும். டேப் மேலேயே சுடலாம், தோட்டா வருமுன் காற்றே அதைத் தள்ளிவிடும்.

சுடும் இடத்துக்கு வந்தபிறகு கிராம்பானைக் கழற்ற வேண்டுமா என்று அடுத்து கேட்பீர்கள். சரிவில் இருந்தால் கழற்றாதீர்கள். எஃகு முள் பாறையில் பட்டால் கணீரென்று கேட்கும், அது உண்மைதான், கடைசி நூறு மீட்டரில் பாறையை விட்டுப் பனியிலேயே நடந்துவிடுங்கள். உட்கார்ந்து சுடும்போது சம்மணம் போடாதீர்கள், முள் தொடையில் ஏறும். குப்புறப் படுத்தால் குதிகாலை மேலே தூக்காமல் பாதத்தை வெளிப்பக்கம் சாய்த்து வையுங்கள். பையைத் துப்பாக்கிக்கு அணையாக வைக்கிறவர்கள் முதலில் அதைக் கோடரியில் கட்டுங்கள். துப்பாக்கி உதைக்கிற உதையில் பை கிளம்பிப் போனதை ஒருமுறை பார்த்தேன். நண்பருடையது. கூடாரம், சாப்பாடு, விளக்கு எல்லாம் அதற்குள்.

சுட்ட வரையாடு செங்குத்துப் பாறையில் சிக்கிவிட்டது, கிராம்பான் இருந்தும் என் நண்பர்கள் போக விடவில்லை. அவர்கள் செய்தது சரியா? – வாசகர், டுனெடின்

சரி. அவர்களை விட்டுவிடாதீர்கள், நல்ல நண்பர்கள்.

அந்த முடிவை விசையை அழுத்துவதற்கு முன்னாலேயே எடுத்திருக்க வேண்டும். ஸ்கோப்பில் ஆட்டைப் பார்ப்பது மாதிரி அதன் காலடியையும் பாருங்கள். குண்டு பட்டதும் எங்கே விழும், எங்கே உருளும், அங்கே நான் இப்போது மாட்டியிருக்கிற இதே கிராம்பானோடு நடந்து போக முடியுமா? முன்முள்ளைக் குத்திச் சுவரில் ஏறுவது மாதிரி ஏறித்தான் எடுக்க முடியும் என்றால் அது வேட்டைக்காரன் போகிற இடம் இல்லை, கயிறும் துணையும் உள்ள மலையேறி போகிற இடம். சுடாமல் காத்திருங்கள், அது மேய நகரும். நகராவிட்டால் நாளைக்கு.

எடுக்கிற இடத்தில் விழுந்தாலும் வேலை பாதிதான் முடிந்தது. பெரிய கிடா நூறு கிலோவைக்கூடத் தாண்டும். சரிவிலேயே அறுக்கத் தொடங்காமல், முடிந்தால் தட்டையான இடத்துக்கு இறக்குங்கள். இறக்கும்போது அதற்குக் கீழே ஒருவரும் நிற்கக் கூடாது, உங்கள் இடுப்போடு கட்டி இழுக்கவும் கூடாது, அது கிளம்பினால் உங்களையும் கூட்டிக்கொண்டு போகும். தட்டையான இடத்தில் கிராம்பானைக் கழற்றிவிட்டுக் கத்தியை எடுங்கள். தோலிலும் இறைச்சியிலும் முள்ளோடு மிதித்து நாசம் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பை நிரம்பியதும், இரண்டாவது முறை யோசிக்காமல், கிராம்பானை மறுபடி மாட்டிவிட்டு எழுந்திருங்கள்.

இறங்கும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். காலையில் 12 கிலோவோடு ஏறியவர் சாயங்காலம் 35 கிலோவோடு இறங்குகிறார். கால் நடுங்குகிறது, பனி திரும்ப இறுகத் தொடங்குகிறது, இருட்டுகிறது. இறைச்சியைப் பையில் முதுகை ஒட்டி, ஆடாமல் வரிந்து கட்டுங்கள். முழங்காலை மடக்கி, உடம்பை முன்னால் தள்ளி, எல்லா முள்ளும் பதிய இறங்குங்கள். பயத்தில் பின்னால் சாய்ந்தால் குதிமுள் மட்டும் பிடிக்கும், அதுவும் விடும். அவ்வளவு கனத்தோடு சறுக்கினால் கோடரியால் நிறுத்துவது மிகக் கடினம். அதனால் இரண்டு நடையாகப் பிரித்து இறக்குங்கள். குளிரில் இறைச்சி ஒரு இரவில் கெட்டுவிடாது.

பனி ஈரமாக இருக்கும் மதிய நேரத்தில் கிராம்பானின் அடியில் பனி உருண்டையாகத் திரண்டு, முள்ளே இல்லாத மாதிரி ஆகிவிடும். அதைத் தடுக்க அடியில் ஒரு பிளாஸ்டிக் தகடு உண்டு, அது இல்லாத கிராம்பானை வாங்காதீர்கள். தகடு இருந்தும் திரண்டால் சில எட்டுக்கு ஒருமுறை கோடரிக் காம்பால் பூட்ஸின் பக்கத்தில் தட்டுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து வருகிறேன். விமானத்தில் கிராம்பான் கொண்டுவரலாமா? – வாசகர், சிங்கப்பூர்

கைப்பையில் கூடாது, ஏற்றிவிடும் பெட்டியில் போடுங்கள். ஆனால் அதைவிட முக்கியம் மண். நியூசிலாந்தில் பழைய பூட்ஸ், கூடாரம், கிராம்பான் எல்லாவற்றையும் வருகை அறிவிப்பில் தெரிவிக்க வேண்டும். முள்ளின் மடிப்பிலும் திருகாணிப் பள்ளத்திலும் காய்ந்த மண்ணும் புல் விதையும் ஒளிந்திருக்கும், பழைய பல்துலக்கி வைத்துச் சுரண்டிக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவாருங்கள். தெரிவிக்காமல் மாட்டினால் அங்கேயே 400 டாலர் அபராதம். துப்பாக்கிக்கு வருகையாளர் உரிமம் தனியாக, முன்கூட்டியே வாங்க வேண்டும். அரசு நிலத்தில் வேட்டைக்கு இயற்கைப் பாதுகாப்புத் துறையின் அனுமதிச் சீட்டும் வேண்டும்.

என் கணவர் வருடா வருடம் இந்த வேட்டைக்குப் போகிறார். எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. கிளம்பும்போது நான் அவரிடம் என்ன கேட்க வேண்டும்? – வாசகி, ஆக்லாந்து

சகோதரி, நீங்கள் கேட்டதற்கு நன்றி. கதவடியில் நின்று ‘பத்திரம்’ என்று சொல்வதோடு இந்த நாலையும் கேளுங்கள். எந்தப் பள்ளத்தாக்கு, எந்தக் குடிசை, எந்த நாள் எத்தனை மணிக்குள் தகவல் வரும், வராவிட்டால் நான் எத்தனை மணிக்குப் போலீஸை அழைக்க வேண்டும், இதை எழுதி வாங்கிக் குளிர்பெட்டியில் ஒட்டுங்கள். அவசரகால இருப்பிடக் கருவி, 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு அழைப்பது, அது அவர் உடம்பில் இருக்கிறதா என்று பாருங்கள், பையில் இருந்தால் சட்டைப் பைக்கு மாற்றச் சொல்லுங்கள். பை உருண்டு போகலாம் என்பதை மேலே படித்தீர்கள். பனிச்சரிவு எச்சரிக்கை இன்று என்ன சொல்கிறது என்று கேளுங்கள். நியூசிலாந்து மலைப் பாதுகாப்புக் குழு இணையத்தில் பகுதிவாரியாக அதை வெளியிடுகிறது, நீங்களே பார்க்கலாம். மலையே பெயர்ந்து வருகிற மாதிரி பனி வந்தால் கிராம்பானால் ஒரு பயனும் இல்லை, அந்த நாளில் அவர் போகவே கூடாது. கடைசியாக, கோடரியைக் குத்தி நிற்கும் பயிற்சி இந்த வருடம் செய்தாரா என்று கேளுங்கள். நியூசிலாந்து ஆல்பைன் கிளப் குளிர்காலத்தில் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. கீழே பாறை இல்லாத, தானாகவே நின்றுவிடக்கூடிய சரிவில், தலைக்கவசத்தோடு, கிராம்பானும் துப்பாக்கியும் இல்லாமல் அதைப் பழக வேண்டும். போன வருடம் செய்தேன் என்று சொன்னால் இந்த வருடமும் அனுப்புங்கள்.

சீசன் முடிந்து முள் மழுங்கிவிட்டது. கடையில் கிரைண்டரில் கொடுத்துத் தீட்டலாமா? – வாசகர், இன்வர்கார்கில்

வேண்டாம். கிரைண்டரின் சூட்டில் எஃகின் பதம் போய்விடும், அப்புறம் முள் மெழுகு மாதிரி வளையும். கையரம் எடுத்து, முள்ளின் விளிம்பில் மட்டும், ஒரே திசையில், நுனியை நோக்கித் தீட்டுங்கள், அகலப் பக்கத்தைத் தொடாதீர்கள். சவரக்கத்திக் கூர்மை தேவையில்லை, நகத்தில் வைத்தால் வழுக்காமல் பிடித்தால் போதும். ஒவ்வொரு முள்ளின் அடியிலும் விரலை ஓட்டி மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் தீட்ட வேண்டாம், தூக்கிப் போடுங்கள். திருகாணிகளை இறுக்குங்கள். ஈரத்தோடு துணிப்பைக்குள் போட்டு மூடாதீர்கள், துருப்பிடித்துவிடும். வாரின் ஓரம் நூல் பிரிந்திருந்தால் இப்போதே மாற்றுங்கள், புது வாரைக் கெய்ட்டர் போட்ட பூட்ஸில் கட்டிப் பார்த்து, கையுறைக் கையால் பிடித்து இழுக்கிற அளவு நுனி விட்டு மிச்சத்தை வெட்டுங்கள்.